தரையைத் தொடாமல் மேலே ஏறினால் பயப்படாதீர்கள்

விமானம் தரையிறங்கப் போகிறது. சன்னல் வழியே சாலைகளும் வீடுகளும் தெளிவாகத் தெரிகின்றன. திடீரென்று இயந்திரங்கள் உறுமுகின்றன. விமானம் மூக்கை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் மேகத்துக்குள் போய்விடுகிறது. சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். "விமானிக்கு இறக்கத் தெரியவில்லையோ?" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு.

உண்மையில் அந்த விமானி தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். இதை 'கோ-அரவுண்ட்' என்பார்கள். காற்றோ மழையோ ஓடுபாதையோ சரியில்லை என்றால், மேலே ஏறிச் சுற்றி வந்து மறுபடி முயல வேண்டும் என்பதே விமானிகள் பெறும் பயிற்சி.

நம் வட்டாரத்தில் இதற்கு அடிக்கடி காரணமாவது சுமத்ரா சூறைக்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியற்காலையிலும் காலை வேளையிலும், இடிமழையோடு வரிசைகட்டி வந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையையும் சிங்கப்பூரையும் தாக்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். பொதுவாக ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

எதிர்க்காற்று விமானத்துக்கு நண்பன். குறைந்த வேகத்தில் தரையைத் தொட உதவுகிறது. சிரமம் தருவது பக்கவாட்டுக் காற்று. அப்போது விமானி மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி, நண்டுபோல் சாய்வாகவே விமானத்தை ஓட்டி வருவார். சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில்தான் நேராக்குவார். ஓடுபாதை ஈரமாக இருந்தால், 'தொம்'மென்று சற்று அழுத்தியே இறக்குவார். சக்கரம் நீரில் வழுக்காமல் தரையைப் பிடிக்க வேண்டுமே! அதுவும் திறமைக் குறைவல்ல.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, காற்றின் வேகமும் திசையும் நொடிக்குள் மாறுவது. அங்கே சாமர்த்தியம் காட்டுவதைவிட விலகிப் போவதே நல்லது.

2008 மார்ச் 1ஆம் தேதி, 'எம்மா' புயலின்போது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் லுஃப்தான்சா ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று தரையிறங்கியது. பக்கக் காற்றில் சாய்ந்து, அதன் இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானிகள் உடனே மேலே ஏறிவிட்டார்கள். பின்னர் காற்றுக்கு ஏற்ற வேறோர் ஓடுபாதையில் இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

1999 ஜூன் 1ஆம் தேதி அமெரிக்காவின் லிட்டில் ராக்கில் நடந்தது வேறு. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகப் புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம், நள்ளிரவு நெருங்கும் வேளையில் இடிமழைக்கு நடுவே இறங்கியது. ஓடுபாதையில் நிற்காமல் அதைத் தாண்டி ஓடி நொறுங்கியது. தலைமை விமானி உட்பட 11 பேர் இறந்தார்கள். கடும் இடிமழை விமான நிலையத்தை எட்டிய பிறகும் தரையிறங்கும் முயற்சியைக் கைவிடாததையும், வேகத்தைக் குறைக்க உதவும் இறக்கைத் தகடுகள் விரிந்தனவா என்று உறுதி செய்யாததையும் விசாரணை அதிகாரிகள் காரணமாகச் சொன்னார்கள். களைப்பும், இறங்கியே ஆக வேண்டும் என்ற மன அழுத்தமும் விமானிகளின் செயல்பாட்டைப் பாதித்ததாகவும் குறிப்பிட்டார்கள்.

மேலே ஏறிய விமானத்தில் எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். மாற்று விமான நிலையத்துக்குச் செல்லவும், அதற்கு மேல் அரை மணி நேரம் வட்டமிடவும் தேவையான எரிபொருளைப் பொதுவாகக் கணக்கிட்டே நிரப்புகிறார்கள்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. இருக்கை வாரை இறுக்கிப் போடுங்கள், பிள்ளைகளுக்கும் சரிபாருங்கள். அடுத்த விமானத்துக்கு மாற வேண்டியிருந்தால், இடையில் போதிய நேரம் விட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். இறங்கி வெளியே வரும்போது, தாமதத்துக்காகச் சிப்பந்திகளிடம் சினம் காட்டாதீர்கள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியவர்கள். விமானம் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் அது பொருந்தும்.