மரபணுவும் ஜாதிக் கணக்கும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இந்நாளில் ஒரு புதிய வாதம் கேட்கிறோம். ஜாதி சாஸ்திரத்தில் மட்டுமன்று, இரத்தத்திலேயே உள்ளதென விஞ்ஞானம் சொல்லிவிட்டதாம்! சாஸ்திரக் கடையில் வியாபாரம் மந்தமானதும், ஜாதிப் பண்டிதர்கள் மரபணுக் கடை விரித்திருக்கிறார்கள். அச்சரக்கைச் சற்றுச் சோதிப்போம்.

மரபணு வேற்றுமைகளைக் கொண்டு மனிதரைக் கூட்டங்களாகப் பிரிக்கும் ‘ஸ்ட்ரக்சர்’ என்னும் கணக்கு முறையைப் பிரிட்சார்ட், ஸ்டீவன்ஸ், டோனலி என்னும் மூவர் 2000இல் வெளியிட்டனர். எத்தனை கூட்டம் என்று அக்கணக்குக்குச் சொல்பவர் யார்? ஆராய்பவரே. அக்காலத் தோட்டத்துப் பெரட்டில், ஐந்து கும்பலாகப் பிரி என்று துரை சொன்னால் கங்காணி ஐந்தாகப் பிரிப்பார். ஆறு என்றால் ஆறாகப் பிரிப்பார். அதனால் தொழிலாளர் ஆறு ஜாதியினராகி விடுவரோ?

2002இல் உலகின் 52 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 1,056 பேரை இம்முறையால் ஆராய்ந்தனர். ஐந்து என்றபோது பெரும்பாலும் கண்டவாரியாகப் பிரிந்தது. ஆறு என்றதும், பாகிஸ்தான் மலைநாட்டுக் கலாஷ் என்னும் சிறு கூட்டம் தனியே நின்றது. மனித மரபணு வேற்றுமையில் நூற்றுக்கு 93 முதல் 95 பங்கு ஒவ்வொரு கூட்டத்தின் உள்ளேயே இருப்பதாகவும் அதே ஆராய்ச்சி கண்டது. இதைப் பண்டிதர் சொல்வாரா?

ஜாதிகளிடையே சிறு வேற்றுமை தென்படுவது மெய்யே, நாம் மறுக்கவில்லை. அது வந்த வழி யாது? தென்னாசியாவின் 73 கூட்டங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவு கூறுகிறது: ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தனர், அதன் பின்னரே அகமணம் இறுகிற்று. கதவை அடைத்தவன் மனிதன். அடைத்த குளத்தில் தேங்கிய நீரைக் காட்டி, இது ஆண்டவன் தோண்டியது என்பது என்ன நியாயம்?

தேக்கத்தின் பலனையும் பாருங்கள். 2017இல் வெளியான ஆராய்ச்சியில், தென்னாசியக் கூட்டங்கள் 263இல் 81 கூட்டங்கள், சில முன்னோர் வழியே குறுகிப் பெருகியதில் பின்லாந்தியரையும் மிஞ்சின. இத்தகைய கூட்டங்களில், தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் குறை பிள்ளையிடம் நோயாக வெளிப்படுவது மிகுதி. ஜாதிப் பெருமைக்கு வட்டி கட்டுவது குழந்தையா?

பெற்றோரே! நம் பாட்டன்மார் ஒரே கப்பலில் வந்து, ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே மரத்துப் பாலைச் சுமந்தவர்கள். இனி எவரேனும் மரபணுவைக் காட்டி உங்கள் மக்களின் மணத்தைத் தடுத்தால் ஒன்றே கேளுங்கள்: “எத்தனையாகப் பிரிக்கச் சொன்னவர் யார்?”