வெட்டிய இடத்தில் தங்கிவிடும் பெடல்

ஆடியோ டேக்குகளை இணைப்பதைவிட மிடி டேக்குகளை இணைப்பது எளிது என்ற எண்ணம் நம் ஸ்டூடியோக்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. க்ராஸ்ஃபேட் வேண்டாம், வெட்டிய இடத்தில் 'டிக்' என்று சத்தம் வராது, பிசகிய நோட்டை மவுஸால் நகர்த்திவிடலாம் என்பதெல்லாம் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். அந்த எண்ணம் தவறு. மிடியை இணைப்பதற்குத்தான் கூடுதல் கவனம் தேவை என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆடியோவில் வெட்டியெடுத்த துண்டு தன் ஒலியைத் தன்னோடே கொண்டுவந்துவிடும். மிடித் துண்டில் ஒலி கிடையாது, கட்டளைகள் மட்டுமே உண்டு. 1983-இல் வந்த மிடி 1.0 முறையில் ஒரு நோட்டை அழுத்தியது ஒரு செய்தி, விட்டது வேறொரு செய்தி. பெடலை மிதித்ததும் விட்டதும் அப்படியே இரண்டு செய்திகள். கண்ட்ரோலர் 64-இல் மதிப்பு 64-ஐ எட்டினால் பெடல் கீழே இருக்கிறது என்று பொருள், 63 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேலே. இடையில் இன்னொரு செய்தி வரும்வரை கருவி கடைசியாகக் கேட்ட நிலையிலேயே நிற்கும். எட்டாவது பாரின் முடிவில் வெட்டி, ஒன்பதாவது பாரிலிருந்து வேறு டேக்கை வைக்கிறோம். முதல் டேக்கில் பெடலை விட்ட செய்தி ஒன்பதாவது பாரின் முதல் அடியில் இருந்திருந்தால் அது வெட்டுப்பட்டுப் போகும். பியானோ அடுத்த பெடல் செய்தி வரும்வரை எல்லா ஸ்வரங்களையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: இரண்டாவது டேக்கில் பெடலை எட்டாவது பாரின் கடைசியிலேயே மிதித்திருந்தால், நாம் எடுத்த துண்டில் அது இல்லை, பியானோ வறண்டு ஒலிக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாட்டின் நடுவிலிருந்து ஓட்டும்போது, பல மென்பொருள்கள் அந்த இடத்துக்கு முன்னால் கடைசியாக வந்த கண்ட்ரோலர் மதிப்புகளைத் தேடி எடுத்துக் கருவிக்கு அனுப்புகின்றன. எவற்றையெல்லாம் தேடும் என்பது மென்பொருளுக்கும் அதன் அமைப்புகளுக்கும் ஏற்ப மாறும். ஆகவே தொடக்கத்திலிருந்து ஓட்டினால் ஒரு மாதிரியும், சரணத்திலிருந்து ஓட்டினால் வேறு மாதிரியும் ஒலிக்கக்கூடும். இணைத்த ட்ராக்கை மூன்று இடங்களிலிருந்து ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்: பாட்டின் தொடக்கம், இணைப்புக்குச் சற்று முன், இணைப்புக்குச் சற்றுப் பின்.

பெடலைவிடப் பெரிய தொல்லை பிட்ச் பெண்ட். நம் இசையில் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு அது வெறும் அலங்காரமல்ல, கமகமே அந்தச் சக்கரத்தில்தான் இருக்கிறது. பெண்டின் மதிப்பு 0 முதல் 16383 வரை, நடு 8192. கமகத்தின் நடுவில் வெட்டினால் சக்கரம் நடுவுக்குத் திரும்பிய செய்தி தொலைந்துபோகும். அடுத்த சங்கதி முழுவதும் ஸ்ருதி விலகியே ஒலிக்கும். அந்த டேக்கின் நோட்டுகளைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆதலால் வெட்டும் இடத்தைப் பார் கோடு தீர்மானிக்கக்கூடாது. சஞ்சாரம் முடிந்து சக்கரம் ஓய்ந்த இடம்தான் வெட்டும் இடம். அதோடு பெண்டின் வீச்சையும் பார்க்க வேண்டும். இரண்டு அரைஸ்வர வீச்சில் பாதிதூரம் மேலே தள்ளினால் ஸட்ஜம் சுத்த ரிஷபத்தைத் தொடும். அதே செய்தி பன்னிரண்டு அரைஸ்வர வீச்சுள்ள கருவிக்குப் போனால் ஸட்ஜம் பிரதி மத்யமத்தில் போய் நிற்கும். டேக்குகளுக்கு நடுவே வீணை பேட்சை மாற்றியிருந்தால் இந்த ஒன்றைச் சரிபார்க்காமல் இணைக்க வேண்டாம்.

இணைப்பு என்று நாம் சொல்வதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று அடுக்குவது: கிக், ஸ்னேர், ஹைஹேட் என்று சுற்றுக்குச் சுற்று வாசித்து ஒரே ட்ராக்கில் சேர்ப்பது. மற்றது பொறுக்குவது: நான்கு டேக்குகளிலிருந்து நல்ல வரிகளை எடுத்துக் கோப்பது. க்யூபேஸ் சுழற்சிப் பதிவில் சுற்றுகளைக் கலக்கவும் தனித்தனியாக அடுக்கி வைக்கவும் வெவ்வேறு தேர்வுகள் தருகிறது. ஏபிள்டன் லைவ் 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து டேக் வரிசைகளில் பொறுக்கும் வசதியை மிடிக்கும் தருகிறது. மெலடியைப் பதியும்போது கலக்கும் தேர்வு தவறுதலாக விழுந்துவிட்டால், ஒரே ஸ்வரம் சில மில்லிசெகண்டு இடைவெளியில் இரண்டு முறை அடிக்கும். ஒன்றின் முடிவுச் செய்தி மற்றதையும் நிறுத்திவிடலாம். மிடி 1.0-இல் பெண்ட் சேனல் முழுவதற்கும் பொது என்பதால், ஒரு டேக்கின் கமகம் மற்ற டேக்கின் நோட்டுகளையும் சேர்த்து இழுக்கும். பதிவைத் தொடங்கும் முன் அந்த ஒரு தேர்வைப் பார்த்துவிடுங்கள்.

சாம்பிள் நூலகங்களில் கீ ஸ்விட்ச் நோட் வரிக்கு முன்னாலேயே விழுந்திருக்கும், துண்டோடு அதையும் எடுக்க வேண்டும். புல்லாங்குழல், வயலின் லெகாட்டோ பேட்சுகள் பலவற்றில் அடுத்தடுத்த நோட்டுகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் ஸ்வரங்கள் இழைந்து போகும். வெட்டில் அந்தப் படிவு போனால், மூச்சு புதிதாக எடுத்ததுபோல் நோட் தொடங்கும்.

இணைப்பு தெரிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் க்வாண்டைஸ் செய்துவிடும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டு டேக்குகளின் நடை ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் வாசிப்பிலோ பதிவு நிலையிலோ இருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் மட்டுமே 11.6 மில்லிசெகண்டு. ஒலி தாமதமாகக் கேட்டால் கலைஞர் தன்னையறியாமல் முந்தி வாசிப்பார். ஒரு டேக் 128-லும் அடுத்தது 512-லும் எடுக்கப்பட்டால் நடை மாறத்தான் செய்யும். அப்போது செய்ய வேண்டியது, அந்த டேக்கை மட்டும் மொத்தமாகச் சில மில்லிசெகண்டு தள்ளிப் பார்ப்பது. கலைஞர் ஓர் அடியைப் பிடித்து இழுத்த அழகு அதில் அப்படியே இருக்கும். நோட் நோட்டாகக் கோட்டில் ஒட்டினால் அது போய்விடும். அந்த வாசிப்புக்காகத்தானே அவரை அழைத்தோம்!

இணைத்து முடித்ததும் பல புரோகிராமர்கள் ஒரே துண்டாக ஒட்டிவிட்டு மற்ற டேக்குகளை அழித்துவிடுகிறார்கள். மிடிக் கோப்பு சில கிலோபைட்டுகள்தான், அழிப்பதில் இடம் மிச்சமாவதில்லை. மிக்ஸிங்குக்கு செஷனை அனுப்பும்போது மூல டேக்குகளை ம்யூட் செய்து, பெயரிட்டு, அதே செஷனில் விட்டு அனுப்புங்கள். பெண்ட் வீச்சையும் பேட்சின் பெயரையும் ட்ராக் குறிப்பில் எழுதி வையுங்கள்.