டாக்டர் கொடுத்த மாத்திரைதானே!

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நடைப்பயிற்சிக்கு வரும் நம் வயதுக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். போதை என்றால் சாராய வாடையும் தள்ளாட்டமும்தான். மருந்துக்கடை மாத்திரையில் அதெல்லாம் வராது என்று சத்தியமே செய்வார்கள்.

வரும். டிரமடால், டபென்டடால் இரண்டும் அபின் வேலை செய்கிற வழியிலேயே வேலை செய்யும் வலி மாத்திரைகள். மூட்டு ஆபரேஷனுக்கும் தீராத முதுகுவலிக்கும் எழுதித் தருவார்கள். டிரமடாலை 2018-ல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது சும்மாவா?

மருத்துவர் சொன்ன அளவில் சில நாள் சாப்பிடுவதைப் பற்றி நான் பேசவில்லை. புற்றுநோய்க்காரருக்கு மார்ஃபின் கொடுப்பதைக் குறை சொல்கிறவனும் இல்லை. வலியோடு துடிப்பது வீரமல்ல. ஆனால் பழைய சீட்டை நீட்டியதும் பட்டை பட்டையாக எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரும், அதைப் பார்த்தும் பார்க்காத வீட்டாரும் சேர்ந்தல்லவா ஒருவரைக் கெடுக்கிறார்கள்?

பத்து நாள் மாத்திரை ஆறே நாளில் தீர்கிறது. பட்டை அடிக்கடி 'தொலைந்து' போகிறது. ஒரே கடையில் வாங்காமல் ஊரெல்லாம் சுற்றுகிறார். பேச்சின் நடுவே தலை தொங்கிவிடுகிறது. கண்ணின் கருமணி குண்டூசித் தலையாய்ச் சுருங்கியிருக்கிறது. மலச்சிக்கல் வேறு. இதையெல்லாம் 'வயசாயிடுச்சு' என்று தள்ளிவிடுகிறோம்.

மாத்திரை கிடைக்காத நாளில் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. வீட்டில் கஷாயம் வைக்கிறார்கள். மாத்திரை உள்ளே போனதும் எல்லாம் பறந்துவிடுகிறது. எந்தச் ஜுரம் ஐயா அப்படி ஓடும்?

பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பட்டையை எண்ணி, பூட்டி வையுங்கள். இதே டபென்டடாலைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பையன்கள் நம் மாநிலத்திலேயே பிடிபடுகிறார்கள்.

கண்டுபிடித்ததும் மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போடுவதும் தப்பு. திடீரென்று நிறுத்தினால் படுகிற அவஸ்தையிலேயே மனிதர் மறுபடி கடைக்கு ஓடுவார். மனநல மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார், மாற்று மருந்தும் உண்டு. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14446 அரசின் இலவச உதவி எண். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே 108. என்ன மாத்திரை, எத்தனை என்பதை மானத்துக்கு அஞ்சி மறைக்காமல் வருகிறவர்களிடம் சொல்லுங்கள். பட்டையையும் கையோடு கொடுத்துவிடுங்கள்.