சான்றிதழுக்குச் சான்று யார்?

மூன்றே மாதத்தில் கம்ப்யூட்டர் பழுது நீக்கும் பயிற்சி! முடித்ததும் சான்றிதழ்! சான்றிதழைக் காட்டியதும் வேலை! இந்தத் தோரணையில் எழுதிய விளம்பரம் நம் தோல் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊருக்கு ஊர், சுண்ணாம்பிலும் குரோமிலும் கை ஊறி, பச்சைத்தோலின் நாற்றத்தை உடம்போடு சுமந்து வீடு திரும்பும் தோழர் அந்த விளம்பரத்தின் முன்னே ஒரு கணம் நிற்கிறார். நம் காலம் இந்தத் தொட்டியோடு போகட்டும், பிள்ளையாவது நிழலில் உட்கார்ந்து பிழைக்கட்டும் என்று நினைக்கிறார். ஷூ கம்பெனியிலே மேல்தோல் தைக்கும் தாயும் அதையே நினைக்கிறார். கடன் வாங்குகிறார்கள், கட்டணம் கட்டுகிறார்கள். நினைப்பிலே குற்றமில்லை. அந்த நினைப்பை நம்பி யார் யார் கடை விரிக்கிறார்கள், அவர்கள் விற்கும் சரக்கு எப்படிப்பட்டது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது வீண் வேலை என்று ஏளனம் பேசுவோர் பக்கம் நாம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதுவரை அதிகாரியின் மேஜையில் மட்டும் வீற்றிருந்த பொருள், ஓட்டு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. நுழைந்த பொருள் ஒருநாள் கெடத்தானே செய்யும்? கெட்டால் பார்க்க ஆள் வேண்டுமே! ஷூ கம்பெனிகளின் நிலையும் அதுதான். அளவு வரைவது கம்ப்யூட்டர், தோல் வெட்டும் இயந்திரத்தை நடத்துவது கம்ப்யூட்டர், சம்பளப் பட்டியலும் ஏற்றுமதிப் பத்திரமும் கம்ப்யூட்டர். ஒரு பெட்டி மூச்சை நிறுத்தினால் அந்த லைனே நின்றுவிடும். ஆகவே தொழில் உண்டு, தேவையும் உண்டு. அந்தத் தொழில் தெரிந்தவர் என்று ஒருவர் நீட்டும் காகிதத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? கேள்வி அதுதான்.

காகிதங்களிலே பல ரகம். 1950 இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ.களில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவர் சேரலாம், ஓராண்டுப் படிப்பு, முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு. மத்திய அரசின் நீலிட் நிறுவனம் ஹார்டுவேருக்கென்றே 'ஓ' நிலைத் தேர்வு நடத்திவந்திருக்கிறது. 2015 ஜூலையில் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், சில நூறு மணி நேரப் பயிற்சியிலேயே 'கம்ப்யூட்டர் களத் தொழில்நுட்பர்' என்ற பட்டம் கிடைக்கும். இவற்றுக்கு மேலே, அமெரிக்காவின் காம்ப்டியா என்ற அமைப்பு 1993 முதல் வழங்கிவரும் 'ஏ பிளஸ்' சான்றிதழ். இத்தனைக்கும் அடியிலே, தெருமுனைப் பயிற்சிக் கூடம் தானே பாடம் நடத்தி, தானே பரீட்சை வைத்து, தானே அச்சடித்து, தானே முத்திரை குத்திக் கொடுக்கும் வண்ணக் காகிதம். எல்லாக் காகிதத்துக்கும் ஓரத்தில் தங்க வரி உண்டு. வரியைப் பார்த்து எதை அறிவது?

இந்த விஷயத்திலே தோல் வட்டாரத்துக்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1989 இறுதியிலே ஜெர்மனி ஒரு தடை போட்டது நினைவிருக்கும். தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சேர்த்துவந்த பி.சி.பி. என்ற மருந்து, கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தச் சரக்கு ஜெர்மனிக்குள் நுழையக் கூடாது என்றார்கள். டேனரி முதலாளி, "என் தோல் சுத்தமான தோல்" என்று தன் கையெழுத்திலே எழுதிக் கொடுத்தால் கேட்டார்களா? தோல் பரிசோதனைச் சாலைக்குப் போக வேண்டும், விற்பவனோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். 1994 இல் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தபோதும் அதே கதை. ஒரு சதுர அடித் தோலுக்கு இவ்வளவு கண்டிப்பு! நம் வீட்டுப் பையனின் ஓராண்டு வாழ்வுக்கும் தாயின் அடகு நகைக்கும் விற்பவனின் சொல்லே போதும் என்றால், தோலைவிட மலிவாகப் போய்விட்டானா அவன்?

அரசாங்கத்தின் முத்திரை இருந்தால் போதாதா என்று சில தோழர்கள் கேட்கலாம். போதும் என்று சொல்லத்தான் நமக்கும் ஆசை. ஆனால் ஏடுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015 முதல் 2022 வரை நடந்த விதத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றதாகப் பதிவான சுமார் 95 லட்சம் பேரின் விவரங்களைத் தணிக்கையாளர்கள் புரட்டினார்கள். நூற்றுக்கு 94 பேருக்கு மேல் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் சுழி, அல்லது வெற்றிடம்! குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் வாங்கிய 56 லட்சம் பேரில் வேலை கிடைத்தவர்கள் நூற்றுக்கு 41 பேர்தாம். படித்தவர் யார், படித்தாரா, எங்கே போனார் என்பதற்குக் கணக்கில்லாத இடத்தில் சான்றிதழ் மட்டும் ஒழுங்காக அச்சாகியிருக்கிறது.

நோயின் வேர் எங்கே என்பதும் தெரியாததல்ல. 2016 இல் சாரதா பிரசாத் குழு சொன்ன விஷயந்தான்: பாடத்தின் தரத்தை வகுப்பவர், பயிற்சியால் ஆதாயம் பெறுபவர், தேர்ச்சியைச் சொல்பவர் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்தால் நலன்கள் மோதாமல் வேறென்ன செய்யும்? அதன்பின் 2018 இல் தேசிய தொழிற்கல்வி பயிற்சிக் கவுன்சில் என்று ஓர் ஒழுங்குமுறை அமைப்பு வந்தது. சான்று வழங்குவோர் வேறு, தேர்வு வைப்போர் வேறு என்று அது பிரித்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்யும் 'இரட்டை' அமைப்பு என்று மூன்றாவதாக ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறதே, அது எதற்கு? பயிற்சி தருபவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் போகும் வரையில், தோற்றவன் என்று ஒருவனைச் சொல்ல எவருக்கு மனம் வரும்?

அமெரிக்கச் சான்றிதழ் அப்பழுக்கற்றது என்று நம்புவோரும் உண்டு. அதையும் பார்த்துவிடுவோம். 'ஏ பிளஸ்' வாங்க இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகம் போனால் 90 கேள்விகள். இரண்டுக்கும் சேர்த்து அந்த நாட்டில் 500 டாலருக்கு மேல் கட்டணம். தேர்வு முழுவதும் திரையிலேயே நடக்கிறது. திருப்புளியைக் கையால் தொடாமலே ஒருவர் பழுது நீக்கும் நிபுணராகிவிடலாம்! தமிழில் அந்தத் தேர்வு கிடையாது. ஆனாலும் பாடம் சொல்பவர் ஒருவர், தேர்வு வைப்பவர் வேறொருவர் என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது. உலகம் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் காகிதத்தின் ஆயுள் யார் கையில்? 2010 ஜனவரியில் காம்ப்டியா ஒரு குண்டு போட்டது. ஆயுள் முழுதும் செல்லும் என்று சொல்லி அதுவரை கொடுத்த சான்றிதழ்களும் இனி மூன்றாண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்றது. உலகெங்கும் தொழில்நுட்பத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாளிலேயே காம்ப்டியா பின்வாங்கியது: பழையவர்களுக்குப் பழைய வாக்கு, 2011 முதல் வாங்குவோருக்கு மூன்றாண்டு என்று முடிந்தது. கூடி நின்று குரல் கொடுத்தார்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வைத்தார்கள். நம் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். லாப நோக்கில்லாத சங்கத்தின் சொத்தாக இருந்த அந்தச் சான்றிதழ் வியாபாரத்தை இரண்டு முதலீட்டுக் கம்பெனிகள் வாங்கப்போவதாக 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 2025 தொடக்கத்தில் கை மாறியும் விட்டது. மைக்ரோசாப்டின் புகழ்பெற்ற எம்.சி.எஸ்.இ. பட்டமோ 2021 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. கேள்வித்தாளை உருப்போட்டு அதை வாங்கியவர்களை அந்த நாட்டவரே 'காகித எம்.சி.எஸ்.இ.' என்று கேலி செய்தது பழைய கதை.

அப்படியானால் எங்கேதான் ஒழுங்காக நடக்கிறது? நம் ஷூவை வாங்கும் அதே ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே கம்ப்யூட்டர் சாதனங்களை நிறுவிப் பராமரிக்கும் தொழில் 1997 இல் தனிப் பயிற்சித் தொழிலாயிற்று. மூன்றாண்டு, பெரும்பகுதி பட்டறையிலும் மிச்சம் பள்ளியிலும். பயிற்சி பெறும் காலத்திலேயே கூலி உண்டு. முடிவில் தேர்வு வைப்பது பள்ளியுமல்ல, வேலை கொடுத்த கம்பெனியுமல்ல. வட்டாரத் தொழில் வர்த்தகச் சபை அமைக்கும் குழு வைக்கிறது. அந்தக் குழுவில் முதலாளிகளின் பிரதிநிதிகள் எத்தனை பேரோ, அத்தனை பேர் தொழிலாளரின் பிரதிநிதிகள். கூடவே ஓர் ஆசிரியர். சட்டமே அப்படிச் சொல்கிறது! தொழிலாளியின் தேர்ச்சியைத் தொழிலாளியும் உட்கார்ந்து நிர்ணயிக்கும் நாட்டில், காகிதத்துக்கு மதிப்பு வருவதில் வியப்பென்ன? நமக்கும் 1961 முதல் அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பையனையும் எடுத்துக் கூலியோடு பழக்கலாம். தோல் ஏற்றுமதியில் கொழிக்கும் கம்பெனிகள் எத்தனை பேரை அப்படி எடுத்தன என்ற கணக்கை ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவை நம் சங்கங்களே.

காகிதமே இல்லாமல் கை தேர்ந்தவர்களையும் மறக்கக் கூடாது. சென்னை ரிச்சி தெருவிலும் நம் ஊர்க் கடைகளிலும், எடுபிடியாகச் சேர்ந்து, கெட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து, ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டி, மதர்போர்டில் எந்தக் கெபாசிட்டர் உப்பியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கைப்பட்டவுடனே தோலின் தரம் சொல்லும் நம் பெரியவர்களைப் போல. எந்தக் கல்லூரி அவர்களுக்குப் பட்டம் கொடுத்தது? ஆனால் பெரிய ஆஸ்பத்திரியிலோ கல்லூரியிலோ வேலைக்கு மனுப் போட்டால் முதல் கேள்வி, "சான்றிதழ் எங்கே?" வாசலிலேயே நின்றுவிடுகிறான் பிள்ளை. இவர்களுக்காகவே முன்பு கற்றதை அங்கீகரிக்கும் ஏற்பாடு ஒன்று திறன் திட்டத்தில் இருக்கிறது. ஏற்பாடு நல்லது. ஆனால் கூட்டம் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பும் சடங்காக அது ஆகிவிடக் கூடாது. கெட்டுப்போன பெட்டி ஒன்றை மேஜைமேல் வை. அவனை அறியாத ஒருவர் எதிரே உட்காரட்டும். பழுதைக் கண்டுபிடித்து, ஓடவைத்து, ஏன் கெட்டது என்று தமிழில் சொல்லச் சொல். அரை நாள் போதும். அந்த அரை நாளை நடத்தத்தான் ஆளவந்தோருக்கு நேரமில்லை.

நாம் கேட்பது இவ்வளவுதான். கட்டணம் வாங்குகிறவர் தேர்வு வைக்கக் கூடாது. தேர்வுக் குழுவில் தொழிற்சங்கத்தின் ஆள் உட்கார வேண்டும். ஒவ்வொரு பயிற்சி நிலையத்திலும் சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தோற்றார்கள், தேறியவர்கள் என்ன கூலிக்கு எங்கே வேலை செய்கிறார்கள் என்பது பலகையில் எழுதப்பட வேண்டும். ஒருவரும் தோற்காத நிலையம் என்றால், அங்கே தேர்வே நடக்கவில்லை என்று பொருள். 2023 இல் தமிழக அரசு டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதுப்பித்தது. இவ்வளவு பணம் கொட்டிய இடத்தில், பழுது நீக்கும் தேர்வையும் மேலே சொன்னபடி நடத்திக் காட்டுவது பெரிய காரியமா?

அது நடக்கும் வரை பெற்றோர் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. பயிற்சிக் கூடத்து மேஜைக்கு முன்னே உட்கார்ந்ததும் பணத்தை எடுக்காதீர்கள். தேர்வு வைப்பவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேளுங்கள். பையன் கையால் திறந்து பார்க்க எத்தனை பழைய பெட்டிகள் இருக்கின்றன, காட்டுங்கள் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு தேறிய இருவரின் வேலை இடத்துக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பதிலுக்குத் தங்க வரி போட்ட மாதிரிக் காகிதத்தை எடுத்து நீட்டினால், மடியிலே முடிந்த பணம் மடியிலேயே இருக்கட்டும். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வேலூருக்குப் பஸ் ஏறி, சேர்க்கை எப்போது, எந்தப் பிரிவில் இடமிருக்கிறது என்று விசாரித்து வாருங்கள்.