மத்யூஸின் கெண்டைக்காலும் மண்டைதீவு மைதானமும்

அஞ்சலோ மத்யூஸ் தமிழனா இல்லையா எண்ட விவாதம் எங்கட பக்கத்தில இன்னும் முடியேல்லை. அப்பா தமிழர், அம்மா பறங்கியர். பிறந்தது 1987இல், கொழும்பில். படித்தது கொழும்பு சென் ஜோசப் கல்லூரியில். இவ்வளவும் தெரிஞ்சும் அவர் அடிச்சால் ‘எங்கட ஆள்’, அவுட்டானால் ‘கொழும்புக்காரன்’. எனக்கு இந்த விவாதத்தில் ஒரு அக்கறையும் இல்லை. அவர் எப்படி ஒரு சகலதுறை ஆட்டக்காரர் ஆனார், அதில பாதியை எப்படி இழந்தார் என்பதுதான் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் மட்டை பிடிக்கிற பெடியளுக்குத் தேவையான கதை.

2009 ரி20 உலகக் கிண்ண அரையிறுதி, லண்டன் ஓவல் மைதானம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் ஓவரிலேயே மத்யூஸ் மூன்று விக்கெட் எடுத்தார், மூன்றும் போல்ட். அடுத்த வருசம் நவம்பரில் மெல்பேர்ன். அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 240 தேவை, 107க்கு எட்டு விக்கெட் போயிற்று. இவரும் மாலிங்கவும் சேர்ந்து 132 ஓட்டம் போட்டார்கள், ஒன்பதாவது விக்கெட்டுக்கு அது உலக சாதனை. மத்யூஸ் ஆட்டமிழக்காமல் 77. மாலிங்கவின் 56ஐத்தான் எங்கட ஆக்கள் இப்பவும் சொல்லிச் சிரிப்பினம், மற்றப் பக்கம் நிண்டவரை மறந்துபோவினம்.

ஆனால் என்னைக் கேட்டால், அவர் முழுச் சகலதுறை ஆட்டக்காரராக நின்ற போட்டி 2014 ஜூன் மாத ஹெடிங்லி டெஸ்ட்தான். அணித்தலைவர் அவர். இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 44 ஓட்டத்துக்கு நான்கு விக்கெட். இலங்கையின் இரண்டாவது இன்னிங்ஸில் ஹேரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 160. கடைசி நாள், இன்னும் ஒரு பந்துதான் பாக்கி எண்ட நிலையில் அண்டர்சனின் விக்கெட் விழுந்தது. தொடர் 1–0. ஒரே போட்டியில் பந்தாலும் மட்டையாலும் தலைமையாலும் ஒருவர் இவ்வளவு செய்ததை நான் வேறு அதிகம் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு உடம்பு கணக்குக் கேட்கத் தொடங்கிற்று. கெண்டைக்கால், தொடையின் பின்தசை எண்டு மாறி மாறிக் காயம். 2017இல் தலைமையை விட்டார். 2018இல் ஒருநாள் தலைமை திரும்பக் கிடைத்து, அதே வருசம் பறிபோயிற்று, உடற்தகுதி போதாது எண்ட பேச்சும் சேர்ந்தது. அந்த டிசம்பரில் வெலிங்டனில் குசல் மெண்டிஸுடன் ஒரு முழு நாள் விக்கெட் விழாமல் ஆடினார். சதம் அடிச்ச கையோட மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆடுகளத்திலேயே தண்டால் எடுத்தார். பலர் அதைத் திமிர் எண்டினம். எனக்கு அது ஒரு தொழிலாளி தன் உடம்பை மேசையில் வைத்துக் காட்டியது போலத்தான் தெரிந்தது.

2019 உலகக் கிண்ணத்தில் நிக்கொலஸ் பூரன் 118இல் நிண்டு ஆட்டத்தைக் கொண்டுபோகிற நேரம், நெடுநாளாய்ப் பந்துவீசாத மத்யூஸ் பந்தைக் கேட்டு வாங்கினார். முதல் பந்திலேயே பூரன் அவுட். 2023இல் ஹெல்மெட் வார் அறுந்து ‘டைம்ட் அவுட்’ ஆன கதை எல்லாருக்கும் தெரியும், விடுவம். 2025 ஜூனில் காலியில் டெஸ்டிலிருந்து விடைபெற்றபோது 119 போட்டி, 8,214 ஓட்டம், 33 விக்கெட். அந்த 33ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கோ. அந்த ஓவல் முதல் ஓவரை வீசினவரின் கணக்கு அது.

பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், பிசியோ எண்டு ஒரு பட்டாளமே பக்கத்தில் இருந்த ஒருவருக்கே இந்த நிலை. மட்டைக்காரன் ஆக ஒரு பங்கு உழைப்பு எண்டால், சகலதுறைக்கு இரண்டு பங்கு நேரமும் அதைத் தாங்குகிற உடம்பும் வேணும்.

எங்கட தீவுகளில் நேரத்தைப் படகுதான் தீர்மானிக்கும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பிறகு பஸ்ஸில் யாழ்ப்பாணம். நயினாதீவுக்காரனுக்குக் கடல் கொஞ்சம் குறைவு, பஸ் அதேதான். பின்னேரப் பயிற்சிக்கு நிண்டால் கடைசிப் படகு போய்விடும். ஆகவே ஊரிலேயே மென்பந்து. அதில எல்லாருமே சகலதுறைதான், பதினொரு பேர் சேர்றதே கஷ்டம், வடலிக்குள்ள போன பந்தையும் அவனே எடுக்கோணும்! மென்பந்தை நான் குறைச்சுச் சொல்லேல்லை. கண்ணும் கையும் அதில நல்லா வளரும். ஆனால் கடினப்பந்தின் தையலும், நெஞ்சுக்கு எழும்புகிற பந்தும், பத்து ஓவர் வீசின பிறகு முதுகு கேட்கிற கேள்வியும் மென்பந்தில் வராது. பதினெட்டு வயதில் முதல்முறை கடினப்பந்தைத் தொடுகிறவன் மத்யூஸ் ஆகமாட்டான்.

வியாஸ்காந்த் வந்தானே எண்டு கேப்பீங்கள். வந்தான், சந்தோசம். 2020 லங்கா பிரீமியர் லீக்கில் அவன் எடுத்த முதல் விக்கெட்டே மத்யூஸுடையதுதான். 2024இல் ஐபிஎல்லும் ஆடினான். ஆனால் அவன் சுழல்பந்து வீச்சாளன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவன், சென் ஜோன்ஸோடு 1904இலிருந்து ‘வடக்கின் பெரும் போர்’ ஆடுகிற பள்ளிக்கூடம் அது. கடினப்பந்தும் போட்டியும் அவனுக்கு வாசலிலேயே இருந்தது.

இப்ப மண்டைதீவு. 2025 செப்ரெம்பர் 1இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்க சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார். ஒரு தீவிலேயே சர்வதேச மைதானம், பெருமைதான். (அந்த ஈரநிலத்தைப் பற்றின கேள்விகள் வேறு, அதை இன்னொரு நாள் கதைப்பம்.) என் பயம், அது பார்க்கிற இடமாக மட்டும் நிண்டுவிடும் எண்டது. பண்ணைப் பாலத்தால் கொழும்பு அணிகள் வந்து ஆடிவிட்டுப் போகும், எங்கட பெடியள் கொடி பிடிப்பினம்.

அந்தக் காசில் ஒரு சின்னத் துண்டு போதும். வேலணையில் ஒண்டு, ஊர்காவற்றுறையில் ஒண்டு, நெடுந்தீவில் குதிரை மேயிற வெளிக்குப் பக்கத்தில் ஒண்டு எண்டு வலை கட்டி, மற்றிங் விரிச்ச மூன்று பயிற்சி ஆடுகளம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடினப்பந்தும் காப்பும் ஹெல்மெட்டும். கிழமைக்கு இரண்டு நாளாவது படகேறி வருகிற ஒரு பயிற்சியாளர், கெண்டைக்கால் எப்படிப் பிடிக்கும், எப்ப பந்தைக் கீழே வைக்கோணும் எண்டு சொல்லத் தெரிஞ்சவர். மண்டைதீவில் முதல் பந்து வீசப்படுவதற்கு முதலே இதைத் தொடங்கலாம். இதுக்கு அடிக்கல்லும் தேவையில்லை.