கண்ணாடி மாதிரி தண்ணீர்

நாகப்பட்டினத்துக் கடலோரத் தெருக்களில் கிணற்றைப் பற்றிக் கேட்டால் பதில் ஒரே மாதிரி வரும்: "எங்க தண்ணிக்கு என்ன கொறச்சல்? கண்ணாடி மாதிரி இருக்கும். உப்பே கெடையாது, வேணும்னா குடிச்சுப் பாருங்க." சொல்பவர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, இனிக்கவும் செய்கிறது. அதனாலேயே குடிக்கலாம் என்று முடிவுகட்டுகிறோமே, அதுதான் மூடநம்பிக்கை. பூனை குறுக்கே போனால் நிற்பவரைக் கேலி செய்கிற படித்தவர்களும் இதை நம்புகிறார்கள்.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடலோர மணலுக்கடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. கொஞ்சம் ஆழம் போனால் உப்புதான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்து கிணறுகளை நிரப்பிவிட்டுப் போனபின், உப்பில்லாத ஒரு குடம் தண்ணீருக்குப் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. உப்பு ஒன்றுதான் எதிரி என்று நாக்கு பழகிவிட்டது.

ஆனால் அந்த மெல்லிய அடுக்கில்தான் ஒரு மூலையில் கிணறும் மறு மூலையில் கழிவறைத் தொட்டியும் இருக்கின்றன. மூன்று சென்ட் மனையில் வேறு எங்கே போவது? தொட்டியிலிருந்து கசியும் நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது கூடாது. மிஞ்சினால் புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்பார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். கிருமிக்கு விதி இன்னும் கறார்: 100 மில்லி நீரில் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படக் கூடாது. ஒரு டம்ளரில் ஆயிரக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பளிச்சென்றே இருக்கும்.

இதே மாவட்டத்தில் வனாமி இறால் வளர்ப்பவரைப் பாருங்கள். குட்டையில் தண்ணீர் ஏற்றி, மருந்து போட்டு, அது முறிந்ததா என்று பார்த்து, பி.எச்., உப்பளவு, காரத்தன்மை, அமோனியா எல்லாம் சோதித்த பிறகுதான் குஞ்சு விடுவார். அந்தக் குஞ்சுக்கும் நோய் இருக்கிறதா என்று பி.சி.ஆர். பரிசோதனை உண்டு. தெளிந்த தண்ணீரைக் கண்டால் அவருக்கு மகிழ்ச்சி வராது, கவலைதான் வரும்: நுண்பாசி இன்னும் பிடிக்கவில்லையே! அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்ததும் பேரனுக்குக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு கொடுக்கிறார், கண்ணால் பார்த்ததோடு சரி. இறாலுக்குக் கடன் வாங்கியிருக்கிறார், பேரனுக்கு வாங்கவில்லை. வேறு என்ன விளக்கம் சொல்வது?

அடுத்தது பிளீச்சிங் பவுடர். விபூதி தூவுவதுபோல் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, வாடை வந்தால் சுத்தம் என்று திருப்திப்படுவது. புதிய பவுடரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்யும் குளோரின். கடற்காற்றில் திறந்து கிடக்கும் மூட்டையில் அதுவும் குறைந்துகொண்டே போகும். தண்ணீரின் பி.எச். 8.5 ஆக இருந்தால், கரைந்த குளோரினில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வீரியமாகக் கிருமியைக் கொல்லும் வடிவில் நிற்கும். ஆகவே கேட்க வேண்டியது எவ்வளவு போட்டோம் என்பதை அல்ல. அரைமணி கழித்து லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்பதை. விடுதி நீச்சல் குளங்களில் மூக்கில் ஏறும் நெடியைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் அது குளித்தவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து எழுப்பும் நெடி.

சோதனை என்ற பெயரில் வீடு தேடி வரும் வியாபாரமும் உண்டு. ஆர்.ஓ. விற்பவர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார், தண்ணீர் செம்பழுப்பாகும், வீட்டுக்காரர் அரண்டுபோவார். அது தண்ணீரின் அழுக்கு அல்ல, கரைந்த இரும்புக் கம்பி. அவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் உப்புகளைத்தான் அளக்கும். கிருமி அதன் கண்ணில் படாது.

"எங்க தாத்தா இதைக் குடிச்சுட்டுத்தான் தொண்ணூறு வயசு இருந்தார்" என்று ஒரு வாதம் உண்டு. அந்தத் தாத்தாவோடு பிறந்து, வாந்திபேதியில் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் சாட்சி சொல்ல வருவதில்லை. தாத்தா காலத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் கழிவறைத் தொட்டியும் இல்லை.

சோதிப்பது பெரிய வித்தையல்ல. கிருமி கலந்த நீரை விட்டால் ஓரிரு நாளில் கறுத்துவிடும் எளிய குப்பிச் சோதனையை இந்திய விஞ்ஞானிகள் 1982-லேயே வெளியிட்டுவிட்டார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. துல்லியமாக வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தரையில் கிடந்ததெல்லாம் கிணற்றில் இறங்கியிருக்கும் தை மாதத்தில் ஒருமுறை, கோடையில் நீர் வற்றும்போது இன்னொரு முறை. மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய தேதியை அதன் மேலேயே பெயின்டால் எழுதும் வழக்கம் ஊராட்சிகளில் இருக்கிறது. அதற்குக் கீழே குளோரின் எவ்வளவு, குப்பி கறுத்ததா இல்லையா என்று இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்லி அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.