விலாசம் மாறிய புரதம்

கடிதத்தில் விலாசம் பிழைத்தால் அது வேறு வீட்டுக்குப் போய்விடும். எமது உடற் கலங்களுக்குள்ளும் சில வேளைகளில் இப்படி நடப்பதுண்டு, தோழியரே.

ஒவ்வொரு கலத்திலும் ஆயிரக்கணக்கான புரதங்கள் உருவாகின்றன. அவற்றுள் பல, தாம் சேரவேண்டிய இடத்தின் விலாசத்தை அமினோ அமிலங்களாலான ஒரு சிறு துண்டாகத் தம்மிலேயே கொண்டுள்ளன. இதைக் கண்டறிந்த குந்தர் புளோபெல் 1999 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

ஈரலிலுள்ள ஏ.ஜீ.ரீ. எனும் நொதியம் பெரொக்சிசோம் என்ற நுண்பைக்குள் செல்லவேண்டும். அங்கு ஒட்சலேற்று பெருகாமல் தடுப்பதே அதன் பணி. பரம்பரை அலகுக் குறைபாட்டால் சிலரில் அது இழைமணிக்குள் போய்விடுகிறது. வேலை செய்யும் வலு இருந்தும், இடம் மாறியதால் பயனில்லை. ஒட்சலேற்று சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிறது. காலப்போக்கில் சிறுநீரகமே செயலிழக்கலாம்.

தாய்மாருக்கு நான் சொல்வது இதுதான்: சிறு பிள்ளைக்குச் சிறுநீரகக் கல் வந்தால், தண்ணீரை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். காரணத்தைத் தேடும்படி வைத்தியரிடம் கேளுங்கள். இக்குறைபாடுள்ள சிலருக்கு, வைத்தியர் அளவிட்டுக் கொடுக்கும் விற்றமின் பி6 நல்ல பலன் தருகிறது. நேரகாலத்தோடு அறிந்தால் பிள்ளையின் சிறுநீரகத்தைக் காக்க வழியுண்டு.